நாயகம் அண்ணாச்சியின் கழுத்து

வலி ஒரு இடத்தில், காரணம் வேறு இடத்தில். இதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. சங்கரன்கோவிலில் நான் பிசியோதெரபி பார்க்கிறேன். எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவள் என்றுதான் பாதி ஊர் நினைத்திருக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கும் சக வலிக்காரர்களே, நான் உங்களை முதலில் தொடமாட்டேன். நடக்கச் சொல்வேன், குனியச் சொல்வேன், திரும்பச் சொல்வேன். பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். அதற்கப்புறம்தான் கஷ்டமே.

மாதிரி நடை

நடந்து காட்டச் சொன்னால் நம் மக்கள், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நடப்பதுபோல நடப்பார்கள். சிவகிரியிலிருந்து முழங்கால் வலி என்று வந்த ஒரு அம்மா என் அறையில் கொஞ்சம்கூடச் சாயாமல் நடந்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் போனபின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் தூக்கித் தூக்கிப் படியிறங்குகிறார். வலி முழங்காலில், கோளாறு இடுப்பில். ஓடிப்போய்த் திரும்பக் கூட்டிவந்து, இதை உள்ளேயே காட்டியிருக்கலாமே என்றேன்.

"பெரிய படிப்பு படிச்சவுக முன்னாடி நொண்டிக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

திரும்பிய கழுத்து

கோமதிநாயகம் அண்ணாச்சி விசைத்தறி ஓட்டுகிறவர். கழுத்து வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். என் முன்னால் ஒழுங்காகத்தான் நின்றார், நான் வாயைத் திறக்கும் வரை. பேச ஆரம்பித்ததும் தலை இடப்பக்கம் திரும்பி, வலது காது என்னை நோக்கி வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இதேதான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது இடப்பக்கமாகப் போய் நின்று கூப்பிட்டேன். அவர்பாட்டுக்குப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

தறிச்சத்தம் இடது காதைத் தின்றிருந்தது. வலதும் பாதிதான் மிச்சம். கேட்கிற காதை எந்நேரமும் நீட்டி நீட்டிக் கழுத்து கெட்டுப்போயிருக்கிறது. காது டாக்டரைப் பாருங்கள் என்று உரக்கச் சொன்னேன். அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எம்மா, இத வெளிய சொல்லிராதிய. பின்னால ஒரு தறி நின்னா சத்தத்த வச்சுத்தான் தெரியணும். காது போச்சுன்னா முதலாளி நாளைக்கே வேற ஆளு போட்டுருவாரு. வீட்டுல ரெண்டு பொம்பளப்பிள்ள இருக்குல்லா, கழுத்துன்னே இருக்கட்டும்."

முதலாளியின் இரக்கம்

கொஞ்ச நாளில் அந்த முதலாளியே வந்துவிட்டார். நல்ல மனிதர், அதுதான் வினையாய்ப் போனது. நாயகத்துக்கு என்னம்மா என்று கேட்டார். நோயாளி சொல்லாதே என்றதைச் சொல்லக்கூடாது. "கழுத்துதான் சார், கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும்" என்றேன். காப்பாற்றிவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

"அப்ப எதுக்கு அவன் தறியில கெடந்து சாகணும்? நாளையிலேர்ந்து ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கட்டும். நம்ம ஆளுல்லா!" என்றார்.

வலி போச்சு

தறிக்கூடத்தில் எல்லாரும் கத்துவார்கள், கையைக் காட்டுவார்கள். யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று அங்கே தெரியாது. ஆபீஸில் எல்லாரும் மெதுவாகப் பேசுவார்கள். பக்கத்தில் போன் அடித்துக்கொண்டிருக்க அண்ணாச்சி சும்மா உட்கார்ந்திருந்ததை முதலாளி இரண்டொரு நாளிலேயே பார்த்துவிட்டார். காது கேட்காது என்று தெரிந்தபின் தறிக்கும் திருப்பி அனுப்ப முடியாது. வருத்தப்பட்டுக்கொண்டேதான் கணக்கை முடித்தாராம்.

சில மாதம் கழித்து, மனைவியின் குதிகால் வலிக்காக அண்ணாச்சி கூட வந்தார். அந்த அம்மா அவரைக் கூப்பிடவில்லை. முழங்கையைப் பிடித்து நாற்காலிப் பக்கம் திருப்பிவிட்டார். அண்ணாச்சியின் தலை நேராக இருந்தது. வலது காதருகே குனிந்து, கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பக்கமும் லேசாகத் திருப்பிக் காட்டினார்.

"சுத்தமா வலியில்லம்மா. எங்கிட்ட இப்ப யாரு பேசுதா, திரும்பிப் பாக்கதுக்கு?"

காரணம் போனால் வலியும் போய்விடும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது முழு உண்மைதான். கூடவே வேறு எதெல்லாம் போகும் என்று மட்டும் எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.