சின்னப்பையன் கூவுவதை நிறுத்தினான்

பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் சின்னப்பையனுக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. எங்கள் தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கிறான். மனைவி இறந்துவிட்டாள், மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஓட்டுவது, தூங்குவது, மறுபடி ஓட்டுவது, அவ்வளவுதான் அவன் பிழைப்பு.

பிறகு ஊரே சொன்ன அவன் வசனம் பிறந்தபோது நானும் அவன் வண்டியில் இருந்தேன். இடமே இல்லாத பின்சீட்டில் இன்னொருவரை ஏற்றினான். ஓரத்தில் நசுங்கியவர் கத்தினார். சின்னப்பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "குந்த எடம் கீது, கோவம் இன்னாத்துக்கு?" என்றான். கத்தியவரே சிரித்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அதையே கூவி ஆள் ஏற்றினான்.

ஒரு கல்லூரிப் பெண் அதைப் போனில் வீடியோ பிடித்து நெட்டில் போட்டாள். பிறகு ரேஷன் கடை வரிசையில் அதுதான், கல்யாணப் பந்தியில் அதுதான். நான் வீட்டு நர்ஸாக இருந்து பார்த்துக்கொள்ளும் பெரியவர் சக்கர நாற்காலியில் உட்கார மறுத்தால், அவர் மருமகளும் அதையே சொன்னாள். எனக்குச் சலித்துப் போயிற்று. ஒரு நாள் நானே சொல்லித் தொலைத்தேன்.

ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும், சின்னப்பையன் 'கோவ'த்தை இழுக்கும் அதே இழுவையோடு கூவ ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெயருக்குத் திரும்பாதவர்கள் இதற்குத் திரும்பினார்கள் என்பதால், ஊர்ப் பெயரைக் கூவுவதையே விட்டுவிட்டார்கள். வண்டி எங்கே போகிறது என்று கேட்டுத்தான் ஜனங்கள் ஏறவேண்டியிருந்தது.

கேட்காமல் ஏறுகிறவள் தாயம்மாள் ஒருத்திதான். என் பக்கத்து வீட்டுக்காரி. கண்பார்வை அறவே கிடையாது. திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். காலையில் சின்னப்பையன்தான் கூட்டிப்போவான். மாலையில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திக் கூவுவான். குரலை வைத்து அவள் வந்து ஏறிக்கொள்வாள்.

போன மாதம் ஒரு மாலை, அந்தக் குரல் என்று நம்பி வேறொருவன் வண்டியில் ஏறிவிட்டாள். அது எதிர்ப்பக்கம் போகிற வண்டி. செம்பரம்பாக்கத்தில் தவறு தெரிந்து அவசரமாக இறங்கியவள் கல்லில் தடுக்கி விழுந்தாள். யாரோ போன் செய்ய, மகன் ஸ்ரீராம் போய்க் கூட்டிவந்தான்.

முழங்காலைக் கழுவி நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போவ வேணாம்மா. அவ்ளோதான்," என்றான் ஸ்ரீராம்.

"போவாம? நாள் பூரா செவுத்தப் பாத்துகினு குந்துவனா? எனுக்கு அதுவும் தெரியாதே!"

அப்போது சின்னப்பையன் உள்ளே வந்தான்.

"யக்கா, நான் ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேன். நீ அப்பவே பூட்டன்னு கம்பெனியில சொன்னானுங்க."

"உன் கொரலுன்னுதான்டா ஏறுனேன்."

"இப்ப எல்லாவன் தொண்டையிலயும் நான்தான் கீறேன்."

"வேற எதுனா கூவேன்," என்றேன்.

"கூவிப் பாத்துட்டேன் நர்சம்மா. ஒரு வாரம் தாங்கல. அதையும் எடுத்துக்கினானுங்க."

"அப்ப கூவாத. எறங்கிப் போய்க் கூட்டினு வா."

"எறங்குனா, நிக்கிற ஆளுங்கள அடுத்தவன் ஏத்திக்கினு பூடுவான்."

எனக்கும் அது தெரியும். கட்டை முடிச்சுப் போட்டேன். அவன் அவள் முழங்காலைப் பார்த்தான். பிறகு ஸ்ரீராமிடம் சொன்னான்: "தம்பி, தெனம் கேட்டுக்குள்ள போய் நானே கூட்டினு வரேன். நான் வர்ற வரிக்கும் அக்கா கேட்டத் தாண்டாது. வர முடியாத நாளுல உனுக்குப் போன் பண்ணிடறேன்."

"ஒரு நாள் மறந்தாலும் வேலை கிடையாது, சொல்லிட்டேன்," என்றான் ஸ்ரீராம். தாயம்மாள் கட்டோடு எழுந்து நின்றாள். தாமதித்தால் மகன் மனம் மாறிவிடுவானோ என்ற பயம்.

கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, உன் முழங்கையை அவள் பிடித்துக்கொள்ளட்டும், நீ அரை அடி முன்னால் நட என்று அங்கேயே நடத்திக் காட்டினேன். இரண்டாவது தடவையில் சரியாகச் செய்தான்.

நேற்று மாலை அந்தக் கேட்டருகே நானும் அவன் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அவன் உள்ளே போயிருந்த நேரத்தில் பின்னால் நின்ற இரண்டு வண்டிகள் அவன் வசனத்தையே கூவி நிரம்பிவிட்டன. தாயம்மாளோடு அவன் மெதுவாக வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, காத்த ஏத்தினு போறியா?" என்று ஒரு இளவட்ட டிரைவர் கேட்டான். சின்னப்பையன் அவள் கால் படியில் சரியாகப் பதிந்ததா என்று பார்த்துவிட்டு, கூவாமலே வண்டியைக் கிளப்பினான்.

"ஆளு ஏத்தலியாடா?" என்றாள் தாயம்மாள்.

"வழியில ஏறுவாங்கக்கா."

பூந்தமல்லி வரை யாரும் ஏறவில்லை.