கரையாத மாவு

தூண்டில் போடப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒளித்துவைக்கத் தெரிந்தால் போதும். சிதம்பரத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். மனைவி ஒரே பெண், மாமனாருக்குப் பாத்திரக்கடை. மாப்பிள்ளை கடையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கட்டும் என்று முடிவானபோது என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. நான் கடலூர் முதுநகரில் மீன் குழம்பு வாசனையில் வளர்ந்தவன். அவர்களோ மாதப் பூசத்துக்கு வடலூர் போகத் தவறாத சைவக் குடும்பம். முட்டை என்ற சொல்லைக்கூட அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். கடையில் மாமனாருக்கு எதிரே உட்கார வேண்டும், சாப்பாட்டிலும் மாமனாருக்கு எதிரே. எனக்கு மூச்சு முட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கான்சாகிப் வாய்க்கால் கரைக்குப் போய்விடுவேன். என்னுடையது என்று சொல்ல அந்தக் காலைப்பொழுது ஒன்றுதான் இருந்தது.

கழியும் ரீலுமாக அந்த வீட்டுக்குள் நுழைய முடியுமா? அதனால் எல்லாமே வேறு ஏதோ ஒன்றாகத் தெரிய வேண்டியிருந்தது. நைலான் நரம்பைத் தண்ணீர் பாட்டிலின் இடுப்பில் சுற்றிக்கொண்டேன். பாட்டிலின் வாயைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்து வீசினால் நரம்பு தானாகக் கழன்று ஓடும். கனத்துக்கு வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பார்க் பிளக். மிதப்புக்கு, அறுந்த ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு. தூண்டில் முள்ளை அதிலேயே குத்தி வைத்தால் பாக்கெட்டுக்குள் தொடையைக் கிழிக்காது. மண்புழு தோண்டினால் நகக்கண் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இரைக்கு மைதாதான். கொஞ்சம் பெருங்காயம் சேர்த்து, தண்ணீரில் கரையாமலிருக்க விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பஞ்சையும் பிய்த்துப் போட்டு இறுக்கிப் பிசைய வேண்டும். ஜிலேபிக் கெண்டை இதற்குச் சொக்கிப்போகும். பிடித்ததை மதகடி டீக்கடையில் வறுத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுவேன். டீத்தூள் சக்கையால் கையைத் தேய்த்தால் கவிச்சி போய்விடும். வாய்க்கு ஒரு பிடி சோம்பு. வீடு திரும்பும்போது என்னைவிடச் சுத்த சைவன் கிடையாது.

ஒரு ஞாயிறு, அடுப்படியில் மாவு உருண்டைகளை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் தண்ணீர் குடிக்க வந்தார்.

"என்னா மாப்ள இது?"

கரப்பான் மருந்து என்று சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது.

"மீனுக்குப் போட, மாமா."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் தேடுகிறவர் அவர். ஓர் உருண்டையை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"பஞ்சு எதுக்கு?"

"சீக்கிரம் கரைஞ்சிடக் கூடாதுன்னு..."

அவர் கண் கலங்கிவிட்டது. "வெளிய ஒரு வார்த்த சொல்லிக்காம இத்தினி நாளா செஞ்சிகிட்டு இருந்திருக்கீங்க பாருங்க! இருங்க, நானும் வரேன்" என்று சட்டையை மாட்டினார். விஷயம் தெரிந்த என் மனைவி, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அதிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவர் விடவில்லை. மீன் வயிற்றுக்கு ஆகாது என்று பஞ்சை மட்டும் நிறுத்தினார். நான் குந்தும் அதே இடத்தில், என் கண்ணெதிரே, உள்ளங்கை அகல ஜிலேபிகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். கை பரபரக்கும். ஆத்திரமாக வரும். சொந்தக்காரர்களிடமெல்லாம் அவர் என் இரக்கக் குணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டிருந்ததால் உண்மையைச் சொல்லவும் வழியில்லாமல் போனது.

பிறகு முதுநகரில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. உப்பனாற்றை ஒட்டியே வாடகை வீடும் அமைந்தது. மனைவிக்கும் தனிக்குடித்தனம் போக ஆசை. மாமனார் சம்மதம்தான் பாக்கி. வாய்க்கால் கரையில் வைத்தே கேட்டேன். டப்பாவில் மிச்சமிருந்த மாவையும் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"போங்க மாப்ள. சின்னஞ்சிறுசுங்க, தனியா இருக்கணும்னு ஆச இருக்காதா? கடைய நான் பாத்துக்கறேன்."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"ஞாயித்துக்கெழம மட்டும் இங்க வந்துடுங்க. நீங்க ஆரம்பிச்ச தர்மம். பாதியில வுட்டா பாவம், இதுங்க ஏங்கிப்போயிடும்."

புது வேலையிலும் எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

ஆற்றங்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் மாவு டப்பாவோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்தவர் கையில் மூங்கில் தூண்டில் இருந்தது. பெருங்காய வாசனையை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மைதாவா? எங்க போடப் போறீங்க?"

"தூண்டில் இல்லீங்க. மாமியார் வீட்டுக்குப் போறேன்."

ஜெயிலுக்கும் அதுதானே பெயர். அவர் கண்ணடித்து, "அடப் பாவமே, என்னா கேசு?" என்றார்.

"ஜீவகாருண்யம்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். "எத்தினி வருசம் போட்டாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனாருக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பல்கூட ஒன்றும் விழவில்லை. என்மேல் உயிரையே வைத்திருந்தார். அவர் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். அதுதான் கொடுமை.