நீர்கொழும்புக்குத் திரும்பிய சினை நண்டு

வெள்ளவத்தைக்கு வந்து சாம்பவியைப் பெண் பார்த்துப் போனவர்களில் ஒருவருக்கும் அவளுடைய வேலை என்னவென்று விளங்கியதில்லை. கடல்வளத் திட்டமிடல் என்றதும், "ஓ, மீன்பிடியோ?" என்று முகம் சுழிப்பார்கள். மீன் தின்னாத முகங்கள் அல்ல அவை.

"மீனை மட்டும் பார்க்கிறேல்லை. மீன் முட்டையிடுற கண்டல் காடு, கடலோட சேருற களப்புத் தண்ணிக்குள்ள விழுற கழிவு, வலை, வலை இழுக்கிற சனம், எல்லாத்தையும் ஒண்டாப் பார்க்கிறது" என்பாள்.

அலுவலகத்திலும் இதைச் சொல்லித்தான் கெட்ட பெயர் எடுத்தாள். சின்னக் கண் வலைக்காரனைத் துரத்திப் பிடிக்கிறவர்கள் ஹோட்டல்களின் கழிவுக் குழாயை ஏன் எட்டிப் பார்ப்பதில்லை என்று கூட்டத்தில் கேட்டாள். அன்று தேநீர் இடைவேளை முன்னதாகவே வந்துவிட்டது.

தாய் இரத்தினம்மாவுக்குக் களப்பைப் பற்றிக் கவலையில்லை. முப்பத்திரண்டு வயது மகள்தான் கவலை. கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. வங்கியில் வேலை செய்யும் சுகிர்தனுக்கும் அவளுக்கும் பிடித்தும் போயிற்று. மிச்சம், அவன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து. மாலை ராகு காலத்துக்கு முன் சம்மதம் சொல்லிவிட வேண்டும் என்பது அவனுடைய பெரியப்பா சிவபாதசுந்தரத்தின் உத்தரவு. கிரகங்களுக்கு அவர்தான் கொழும்புப் பிரதிநிதி.

"அங்க போய் வாயைத் திறந்திடாதை, பிள்ளை" என்றாள் இரத்தினம்மா.

சுகிர்தனின் தாய் பாக்கியலெட்சுமி, வருங்கால மருமகளைக் குசினிக்கே அழைத்துப் போனாள். பேசினுக்குள் கால் கட்டிய ஐந்து களிநண்டுகள் உயிரோடு கிடந்தன. "நீர்கொழும்பில சொல்லி எடுப்பிச்சது. இந்தச் சினை நண்டு உமக்குத்தான்."

நண்டுக் கறியில் சினை யாருக்குப் போகிறதோ, வீட்டில் மதிப்பு அவருக்கு. சாம்பவி குனிந்து பார்த்தாள். வயிற்றின் கீழே கொத்துக் கொத்தாக முட்டை.

"அன்ரி, இதை மட்டும் விட்டிடுவம். மற்ற நாலையும் உறைப்பாச் சமையுங்கோ. வந்து சாப்பிடுறன்."

"விடுறதோ? எங்க?"

"இங்க கொச்சிக்கடைப் பக்கம் கடல் கிட்டத்தானே" என்று வாசலில் நின்ற சுகிர்தன் உதவிக்கு வந்தான்.

"துறைமுக எண்ணெய்க்குள்ளயோ? அதைவிடக் கறிச்சட்டி நல்லம். வந்த இடத்திலதான் விடோணும். களப்பு வாயில."

"நீர்கொழும்புக்கோ!" என்றான் சுகிர்தன்.

"உங்களிட்ட ஸ்கூட்டர் இருக்குத்தானே?"

கூட வந்திருந்த இரத்தினம்மா தலையில் கை வைத்தாள். சிவபாதசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நண்டு ஈரச் சாக்குக்குள் ஏறியது. சுகிர்தன் தாயின் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டைப் போட்டான்.

அவர்கள் திரும்பி வந்தபோது கறி ஆறியிருந்தது. ராகு காலம் சூடாக நடந்துகொண்டிருந்தது.

"எல்லாம் போச்சு. இனி ஒண்டும் கதைக்கேலாது" என்றார் பெரியப்பா. இரத்தினம்மாவின் கண் கலங்கியது.

பாக்கியலெட்சுமி மகனை முறைத்தாள். "ஒரு நண்டுக்காக இவ்வளவு தூரம் போனனியோடா?"

"ஓம் அம்மா. சம்மதத்தையும் அங்கயே சொல்லிப்போட்டம்."

பெரியப்பா திடுக்கிட்டார். "அங்கயோ? எத்தினை மணிக்கு? நல்ல நேரமோ?"

சாம்பவி கையைக் கழுவிவிட்டு, நண்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "பக்கத்தில நிண்ட சாட்சி ஒண்டுதான் பெரியப்பா. அதைத்தான் கேக்கோணும்."

பாக்கியலெட்சுமி அவளுடைய தட்டில் பெரிய கால் ஒன்றை வைத்தாள். "அதைத்தான் கடலுக்குள்ள விட்டிட்டியளே! தின்னும் பிள்ளை, ஆறிப்போச்சு."