வெற்றிலைச் சிவப்பில் வந்த சளி

நோய் இருக்கிறது என்று தெரிந்த ஒருத்தியின் மடியிலிருந்து நம் குழந்தையைத் திரும்ப வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்? எஸ்டேட் டிஸ்பென்சரியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். க்ஷயரோகத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். உதவுமா என்று இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1. தகர டப்பா

எங்கள் எஸ்டேட் மஞ்சூருக்கு மேலே இருக்கிறது. என் கணவர் ஃபேக்டரியில் கிளார்க். ஆண்கள் நோய் பார்க்க வந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எட்டாவது படித்த நான் அங்கேயே குடியிருந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

என் வேலை சுலபமானது. இருமுகிறவர்களுக்கு மூடி போட்ட தகர டப்பா கொடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வரும் சளியை அதில் எடுத்து வருவார்கள். கம்பவுண்டர் பாய் அதை ஸ்லைடில் தடவிக் குன்னூர் டாக்டருக்கு அனுப்புவார். மீதி நேரத்தில் ஒவ்வொரு வீடாகப் போய், "ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ட இடத்தில் துப்பாதீர்கள்" என்று சொல்ல வேண்டும்.

நான் வருவது தெரிந்தால் எல்லா ஜன்னலும் திறக்கும். நான் திரும்பினால் கோணிச் சாக்கு ஏறிவிடும். ஒருநாள் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டு ஜன்னல் மட்டும் ஏன் எப்பவும் சாத்தியே கெடக்குது?"

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். பனிக்காற்று பட்டால் என்ன ஆகும் என்று பயந்து நான்தான் சாத்தி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் திறந்தேன். குழந்தைக்கு இரண்டு கம்பளி அதிகம் போர்த்தினேன்.

2. மாராயி

பெற்றோர் தோட்டத்துக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை உண்டு. அதன் ஆயா மாராயி. என் மகளும் பகலெல்லாம் அவள் மடியில்தான். வீட்டில் என்னிடம் அழுகிறவள் அங்கே சிரிப்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

என் மகள் நடக்கத் தொடங்கிய சமயம். மாராயிக்கு ஒரு மாதமாக இருமல். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. டப்பா கொடுத்தேன். மறுநாள் காலை கொண்டுவந்து வைத்துவிட்டு வேகமாகப் போனாள். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே சிவப்பு.

"பாய், ரத்தம்!" என்று கத்திவிட்டேன்.

கம்பவுண்டர் பாய் ஊட்டி பஜார்க்காரர், எதற்கும் அவசரப்படாதவர். டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தங்கச்சி, இது ரத்தமில்லை, வெத்தலை. ஒரு துண்டு பாக்கும் கெடக்கு பாரு. வேணும்னா சுண்ணாம்பு கூடவா குறைச்சலான்னு சொல்லட்டுமா?"

எனக்கு உயிர் வந்தது. ஸ்லைடு குன்னூருக்குப் போனது. கிருமி இல்லை என்று பதிலும் வந்தது. அன்று பாயசம் வைத்தேன். ஏலக்காய் தட்டும்போதுதான் புத்தியில் உறைத்தது. மாராயி வெற்றிலை போடுவதில்லை. கொட்டகை ஆயா வெற்றிலை போடக்கூடாது என்று சட்டம் போட்டதே நான்தான்.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மாராயி மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சிரிக்க முயன்றபடி குழந்தையை வாங்கினேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் உடனே கையை எடுத்துவிட்டாள்.

"அது யாரோட சளி, மாராயி?"

"என்ற நாத்தனாளுதுங்க."

"ஏன் இப்படிச் செஞ்சே?"

"உங்களுக்கு வேண்டியது சளிதானுங்களே அம்மிணி? நல்ல சளியாப் பாத்துக் குடுத்தேன். என்றத குடுத்தா பேரை அடிச்சுக் கீழ்நாட்டுக்கு அனுப்பிப் போடுவீங்க. அங்க எனக்கு யாருங்க இருக்கறாங்க?"

அவள் சொன்னது உண்மை. க்ஷயம் என்று தெரிந்தால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயரை அடித்துச் சமவெளிக்கு அனுப்புவதுதான் எஸ்டேட் வழக்கம். நான் வீடு வீடாக டப்பா கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான். அதை நான் யோசித்ததே இல்லை.

3. மூன்று மாதம்

இந்தத் தடவை என் கண்முன்னால் தைலமரத்தடியில் இருமிக் கொடுத்தாள். கிருமி இருந்தது.

எஸ்டேட் துரையிடம் பாய்தான் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "ஒருத்தியை அனுப்பினா பத்துப் பேர் மறைப்பாங்க துரை. அந்தப் பத்துப் பேரும் உங்க தோட்டத்துலதான் இருமிக்கிட்டு நிப்பாங்க." துரை புகையிலைக் குழாயைத் தட்டினார். மூன்று மாதம் கொடுத்தார். அதற்குள் சளி சுத்தமாகாவிட்டால் அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார்.

டிஸ்பென்சரிக்குப் பக்கத்து அறையில் மாராயிக்குக் கட்டில் போட்டோம். ஓய்வு, வெயில், பால், முட்டை. துப்பும் டப்பாவில் பினாயில். அறையின் இரண்டு ஜன்னலும் எப்போதும் திறந்தே இருந்தன, முன்பு என்னுடையது இருந்ததைப் போல இல்லை. வாசலில் அவளே சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டாள். அதைத் தாண்டி ஒரு பிள்ளையையும் விடவில்லை. என் மகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால், "அங்கேயே ஆடு கண்ணு, நான் பாக்கறேன்" என்பாள்.

கொட்டகைப் பிள்ளைகள் எல்லோரையும் டாக்டர் வந்து பார்த்தார். வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொன்னார். நான் என் மகளைக் கொழுந்துத் தராசில் தினமும் நிறுத்தேன்.

"தங்கச்சி, அது கொழுந்து இல்லை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ஏறாது" என்றார் பாய்.

ஆனால் மெல்ல ஏறியது. மற்றப் பிள்ளைகளுக்கும் குறையவில்லை. மாராயியின் ரவிக்கையும் தோளில் நின்றது. இதற்கிடையில் லைனிலிருந்து நான்கு பேர் தாங்களாகவே டப்பா கேட்டு வந்தார்கள். பெயரை அடிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததுதான் காரணம். மூன்று வருடம் நான் பேசிய பேச்செல்லாம் செய்யாததை அந்த ஒரு கட்டில் செய்துவிட்டது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

வரும் திங்கட்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. மாராயிக்குக் கடைசியாக அனுப்பிய மூன்று ஸ்லைடுகளும் சுத்தம். நாற்றங்காலில் வேலை கொடுக்கத் துரை ஒப்புக்கொண்டுவிட்டார். அவள் கோட்டைத் தாண்டி வருவாள். என் மகள் ஓடுவாள். மாராயி அவளைத் தூக்குவதற்கு முன் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

தூக்கலாம், ஆனால் சில நாள் பொறுத்தால் நல்லது என்கிறார் டாக்டர். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. குழந்தை வைத்துக்கொண்டு இந்த வேலை பார்த்த சகோதரிகள் யாராவது இருந்தால், அந்த நிமிடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். தபால் எங்கள் மலைக்கு வர நாலு நாளாகும். திங்களுக்குள் வந்து சேராவிட்டாலும் எழுதுங்கள். நான் செய்தது சரியா என்றாவது தெரிந்துகொள்கிறேன்.