நன்றாக வாசித்த பிள்ளை

1. முன்பலகை, பின்பலகை

சேகர் சார் ஆசிரியர் பயிற்சி கோர்ஸுக்குப் போயிருந்ததால் அன்று அவர் வகுப்பை நான் எடுத்தேன். எங்கள் மாதிரி சின்னப் பள்ளியில் தலைமையாசிரியைதான் ரிலீஃப் டீச்சர். சில நாள் வாட்ச்மேனும் அவள்தான்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. ஒரு காலத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு பெஞ்சு போதாது. இப்போது கொழுந்து வெட்டுவது வங்காளதேசத்து, நேப்பாளத்து ஆட்கள். நம் ஆட்கள் காய்கறித் தோட்டம், பூத்தோட்டம், கடை என்று இறங்கிப் போய்விட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் பள்ளி சுருங்கியதும் மலாயில் ‘கெலாஸ் சந்தும்’ என்பது வந்தது. அதாவது இணைந்த வகுப்பு. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறையில். மூன்றாம் ஆண்டு முன்பலகையைப் பார்த்து உட்காரும், நான்காம் ஆண்டு பின்பலகையைப் பார்த்து உட்காரும். ஆசிரியர் நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பார்க்க வரும் அதிகாரிகளுக்குச் சிரிப்பு வரும், நடத்துகிறவருக்குக் கால்வலி வரும்.

நான்காம் ஆண்டில் தர்ஷினி என்றொரு பிள்ளை. பள்ளியிலேயே சரளமாக வாசிப்பவள் என்று பெயர். பொங்கல் விழாவில் மேடையேறி ஒரு கதையை வாசித்தபோது அவள் அம்மா விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். சேகர் சார் வாசிப்பில் அவளுக்கு டிபி ஐந்து போட்டிருந்தார். ‘டிபி’ என்பது வகுப்பாசிரியரே பிள்ளையைக் கவனித்துப் போடும் நிலை. ஆறுதான் உச்சம்.

பாடநூலில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். தண்ணீராய் ஓடியது. ஆனால் அவள் விரல் வரியின் முடிவுக்குப் போய் நின்றுவிட்டது, வாய் இன்னும் பாதி வரியில் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அலமாரியிலிருந்து ஒரு பழைய சிறுவர் இதழை எடுத்து நீட்டினேன்.

“டீச்சர், நீங்க ஒரு தடவ வாசிங்க. அப்புறம் நான் வாசிக்கிறேன்.”

“இல்லம்மா, நீயே முதல்ல வாசி.”

பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, முழிக்கவும் இல்லை. நான் வாசிப்பேன் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். ‘மரம்’ என்ற சொல்லைக் காட்டினேன். அதன் மேலிருந்த படத்தைப் பார்த்து “வீடு” என்றாள்.

எப்படி நடந்தது என்று பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் ஆண்டில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் நான்காம் ஆண்டுப் பாடங்களை வருடம் முழுக்கக் கேட்டிருக்கிறாள். நான்காம் ஆண்டுக்கு வந்தபோது புத்தகமே அவள் காதில் இருந்தது. புதுப் பாடம் என்றால் கடைசியாகத்தான் கை தூக்குவாள். அதற்குள் இரண்டு பேர் வாசித்திருப்பார்கள், அது போதும் அவளுக்கு. அப்படியொரு ஞாபகசக்தியை நான் வேறு பிள்ளையிடம் பார்த்ததில்லை. ஒற்றை வகுப்பில் இருந்திருந்தால் முதல் மாதமே பிடிபட்டிருப்பாள்.

2. பதிவு முடியட்டும்

சேகர் சார் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷர், உழைப்பாளி. முகம் வெளுத்துப்போயிற்று. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“டீச்சர், இப்ப சொல்லாதீங்க. அவ தம்பி அடுத்த வருசம் ஒன்னாம் ஆண்டு. விமலா அக்கா அவனையும் இங்கதான் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. அவன் ஒருத்தன்தான் நமக்கு வர்றான். பதிவு முடியட்டும் லா.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தப் பையன் வராவிட்டால் எங்களுக்கு ஒன்றாம் ஆண்டே கிடையாது. ஒன்றாம் ஆண்டு இல்லாத பள்ளியை மேலிடம் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்று தெரிந்த பிறகு, பள்ளியைக் காப்பாற்ற அதை மூடி வைத்தால் காப்பாற்றுகிற அந்த இடத்துக்குப் பள்ளி என்றா பெயர்? எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாமலே.

மறுநாளே கியா பார்ம் சந்தைக்குப் போனேன். விமலா அங்கே ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை செய்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“என்ன டீச்சர் விளையாடுறீங்க? எம்மவ புத்தகத்த எடுத்தா நிறுத்தாம வாசிப்பா. நீங்களே கைதட்டுனீங்களே!”

கதை மாதிரி இழுத்துச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விமலா நம்பவில்லை, சிரிப்பு கோபமாகத்தான் மாறியது. தம்பி எங்கள் பள்ளிக்கு வரவில்லை. தானா ராத்தா டவுனில் சீனப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

ஆறாம் ஆண்டு முடிவில் இருந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வை ரத்து செய்ததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். தேர்வு இருந்திருந்தால் தர்ஷினி அகப்பட்டிருப்பாள், உண்மைதான். ஆனால் ஆறாம் ஆண்டின் கடைசியில் அகப்பட்டு என்ன பயன்? பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் டிபி. ஆள் இல்லாமல், நேரம் இல்லாமல் அதைப் போடச் சொன்னால் கேட்பதை வைத்துத்தான் போடுவார்கள்.

3. திக்கல்

பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு எங்கள் பள்ளியில் தனி ஆசிரியர் கிடையாது. தினமும் காலைச் சபைகூடல் முடிந்ததும் தர்ஷினியை என் அறைக்குக் கூட்டிக்கொண்டேன். அ, ஆவிலிருந்து ஆரம்பித்தோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது லேசான அவமானமில்லை. பாடநூலை அவள் கண்ணில் காட்டவே இல்லை.

சில மாதம் போயிருக்கும். ஒரு காலை தர்ஷினி என் அறையில் இருந்தபோது விமலா வேலை உடையோடு வந்து நின்றாள். வாசலிலேயே சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள்.

“டீச்சர், நல்லா வாசிச்ச பிள்ளைய கெடுத்து வச்சிருக்கீங்க! முன்ன மளமளன்னு வாசிப்பா. இப்ப எழுத்தெழுத்தா திக்குறா. வீட்டுல கேக்க சகிக்கல. போதும், இவளையும் மாத்திடுறேன்.”

என்ன விளக்கினாலும் அவள் காதில் ஏறாது என்று புரிந்தது. மார்க்கரை அவள் கையில் கொடுத்தேன்.

“நீயே எழுதும்மா. இதுவரைக்கும் யார் வாயிலயும் வராத ஒன்ன எழுது.”

கோபம் அடங்காமல் பலகைக்குப் போனாள். எழுதிவிட்டு நகர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ‘நீ இத்தனை நாளா அம்மாவ ஏமாத்துனியா?’

தடுக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் தர்ஷினி தொடங்கிவிட்டாள்.

“நீ... இத்... இத்த... இத்தனை... நா... ளா...”

ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே லாரி ஒன்று மேடேறிப் போகும் அளவு நேரம். விமலா பொறுமையில்லாமல் நின்றாள், பிறகு அசையாமல் நின்றாள். தர்ஷினி கடைசிச் சொல்லை முடித்து, முழுவதையும் தனக்குள் ஒருமுறை சேர்த்துப் பார்த்தாள். அப்போதுதான் அது தன்னிடம் கேட்ட கேள்வி என்று அவளுக்குப் புரிந்தது.

“இல்லம்மா. எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

விமலா மார்க்கரைக் கையில் பிடித்தபடியே அழுதாள். பிள்ளையை மாற்றவில்லை.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளை வேகமாக வாசித்தால் கைதட்டும் முன் அது கேட்டிராத ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுங்கள். திக்கினால் குறுக்கே பேசாதீர்கள், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். அது வாசித்துக்கொண்டிருக்கிறது.