கூண்டுக்கும் துக்கம் உண்டு என்றவர்

கலியமூர்த்தி அண்ணன் இறந்த செய்தி எனக்கு இரைமீன் விசாரிப்பாகத்தான் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். வாராவாரம் புதுச்சேரி டவுனிலிருந்து தூண்டில் போட வருகிற ஒருவர் போன் செய்தார்.

"பாய், பனித்திட்டு மீன்காரர் ஹார்ட் அட்டாக்ல போயிட்டாராமே. பாவம். இன்னிக்கு உயிர்மீன் யார்கிட்ட கிடைக்கும்?"

பாவத்துக்கும் மீனுக்கும் நடுவில் அந்த மனிதர் மூச்சுகூட விடவில்லை. போனை வைத்துவிட்டு, தூக்கிய ஷட்டரை மறுபடி இறக்கினேன்.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலியமூர்த்தி அவர்கள் கடல்தொழில் செய்தவர். முழங்கால் தேய்ந்து படகேற முடியாமல் போனபிறகு, பனித்திட்டு ஊரின் முகத்துவாரத்துப் படகுத்துறையில் மிதக்கும் கூண்டு ஒன்றைக் கட்டி, மடவை மீன் குஞ்சுகளைத் தூண்டில் இரைக்காக உயிரோடு வைத்து விற்றார். பெரிய கொடுவா மீன் செத்த இரையை ஏறெடுத்தும் பார்க்காது என்பார்கள். ஆகவே விலையுயர்ந்த தூண்டில்களோடு வருகிற டவுன்காரர்களுக்கு அவரை விட்டால் கதியில்லை. நான் பாகூரில் கயிறும் பிளாஸ்டிக் சாமானும் விற்கிறவன். கூண்டுக்குச் சாமான் வாங்க வந்துதான் பழக்கமானார்.

இரண்டு தக்காளிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கட்டி, உள்ளே பொடிக்கண் வலையைச் சுற்றி, மிதப்பதற்குக் காலித் தண்ணீர் கேன்களை மாட்டியிருந்தார். முதல் தடவை அளவு தெரியாமல் மீனைத் திணித்துவிட்டார். விடிந்து பார்த்தால் அத்தனையும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. பார்க்கப் போன நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். அவரோ ஊறி வழவழத்துப்போன மீன்களைக் கையாலேயே அள்ளி எறிந்துகொண்டிருந்தார்.

"இன்னா பாய், நாறுதா?" என்றார். "ஆசப்பட்டுத் திணிச்சேன் இல்ல, நாறத்தான் செய்யும்."

அதன்பிறகு அவர் கூண்டில் நெரிசல் இருந்ததில்லை. தினமும் காலையில் செத்ததைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் டீ குடிப்பார்.

உயிரோடு இருக்கிற மீனின் முதுகில் கொக்கியைக் குத்துவதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "கோழிய மட்டும் உயிரோட பார்த்துப் புடிச்சி வாங்குறீங்களே பாய், அப்ப மூஞ்சி இப்படிப் போவுதா?" என்று மடக்குவார். அப்போதும் எனக்கு அருவருப்பு போகாது. ஆனால் அவர்மீது எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை.

ஊரில் ஒரு சாவு என்றால் அன்றைக்குப் படகுகள் கடலுக்குப் போகாது. கரையூர்களில் இது எழுதாத சட்டம். அண்ணன் அதைக் கூண்டுக்கும் வைத்திருந்தார். கூண்டின் மேல் ஈரச்சாக்கைப் போட்டுக் கட்டிவிடுவார். ஒருமுறை டவுன்காரர் ஒருவர், "நாங்க வெளியூருங்க, எங்களுக்கு என்ன துக்கம்?" என்று சண்டைக்கு நின்றார்.

"ஒங்களுக்கு இல்ல சார், கூண்டுக்கு இருக்குது. நாளைக்கு வாங்க" என்றார் அண்ணன்.

இப்போது அவருடைய சாவு நாளுக்கு வருகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது படகுகள் அத்தனையும் கரையில் கிடந்தன. ஆனால் துறையில் ஒரே கூட்டம். அண்ணனுடைய மைத்துனர் நாகராஜ் கூண்டைத் திறந்துவைத்து, கைவலையால் மீனை அள்ளி அள்ளி வாளிகளில் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் போன் செய்த மனிதரும் வாளியோடு நின்றார். "வீணாப் போயிடுமே பாய். அவர் இருந்தா இதைத்தான் விரும்பியிருப்பார்" என்றார். வாய்க்கரிசி போடுவதற்குள் வாயில் வார்த்தையைப் போட்டுவிட்டார்கள்.

சாவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிட்டேன். ஒருவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "கடலுக்குப் போவக்கூடாதுன்னுதான் பேச்சு. கூண்டு அதுல சேருமா பாய்?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். இந்தப் பேச்சுக்கு அழுகிய மீனின் நாற்றத்தையே என்னால் தாங்க முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

திரும்பத் துறைக்குப் போய் நாகராஜிடம் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். துறையிலிருந்து வீடு கூப்பிடு தூரம்தான். சற்று நேரத்தில் அண்ணனின் மனைவி தனலட்சுமி அம்மா, பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து, அவிழ்ந்த தலையோடு துறைக்கு வந்துவிட்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களும் எழுந்து பின்னால் வந்தார்கள்.

தம்பி நாகராஜின் கையிலிருந்த வலையைப் பிடுங்கினார். "இந்த ஊர்ல இன்னிக்கு ஒரு எழவு வுழுந்திருக்குது. ஒனக்குத் தெரியாதா?"

"மீனு செத்துடும்கா."

"ஒரு நாள்ல ஒண்ணும் சாவாது. அவுரு கட்டின கூண்டுடா அது." பிறகு வாளிக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: "எடுத்தத உள்ள ஊத்திட்டு வூட்டுக்குப் போங்க சார்."

ஒவ்வொருவராகக் குனிந்து வாளியைக் கூண்டுக்குள் கவிழ்த்தார்கள். அந்த அம்மா சாக்கை நனைத்துப் போர்த்தி, முடிச்சுப் போட்டுவிட்டு, பிணத்திடம் திரும்பிப் போனார். பந்தலில் இருந்த பெரியவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

சாயங்காலம் பாடை துறை வழியாகத்தான் போனது. தூண்டில்காரர் ஒருவரும் இல்லை. சாக்கின் அடியில் மீன்கள் துள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணே, ஊரில் எல்லாருடைய சாவுக்கும் நீங்கள் கூண்டை மூடினீர்கள். உங்களுடைய சாவுக்கு அதை மூட ஊருக்கு மனம் வரவில்லை. அந்த ஒருநாள் துக்கத்தை உங்கள் வீட்டம்மா ஒற்றை ஆளாக நின்று வாங்கிக் கொடுத்தார். நிம்மதியாகப் போங்கள்.