ராகுகாலத்துக்கு முன் ஒரு ஹேண்டில்பார்

முப்பத்தெட்டு வயதில் முதல் பைக் வாங்கினேன். ஸ்டிக்கர் ஒட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்டைலுக்காகத் தாழ்வான ஹேண்டில்பாரும் போடச் சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பழவங்காடி கணபதி கோவிலில் வண்டிக்குப் பூஜை போட்டாக வேண்டும். வலியசாலை மெக்கானிக் பினு கடைசி போல்ட்டை முறுக்கியபோது மணி பத்தேகால்.

“சேச்சி, ஹேண்டில்பாரை ரெண்டு சைடும் முழுசா ஒடிச்சு நோக்கட்டே?”

“டைம் இல்ல பினு, ராகுகாலம் வந்துடும். பூஜை முடிஞ்சு பாத்துக்கலாம்.”

பிடுங்காத குறையாக வண்டியை வாங்கிக்கொண்டு பறந்தேன். கோவில் முன்னால் வலப்பக்கம் முழுக்கத் திருப்பியதும் என் கட்டைவிரல் டேங்குக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் மாட்டியது. பதறிக் கையை இழுத்ததில் ஆக்சிலரேட்டர் முறுகி, வண்டி சீறியது. எதிரே தேங்காயை ஓங்கியபடி ஒருவர் உறைந்து நின்றார். எப்படியோ கிளட்சைப் பிடித்தேன். தேங்காய்த் தண்ணீரில் சக்கரம் வழுக்கி, வண்டியோடு சாய்ந்தேன்.

“தேங்கா உடைக்க வந்த என்னைய உடைச்சிருப்பியே மோளே!” என்றார் அவர்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்தைந்து. ராகுகாலம் இன்னும் தொடங்கவில்லை.

இப்போது வண்டியில் எதை மாற்றினாலும், இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, விரலுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் தொடுகிறேன். மணி பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.